வேலூரில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்: மஸ்டாங், கேமன், இசட்4 – மூன்றில் எதை வாங்கலாம்?

வேலூரில் குடியிருந்துகொண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்க நினைப்பவர், குதிரைத்திறனைப் பார்ப்பதற்கு முன் தூரத்தைப் பார்க்க வேண்டும். போர்ஷே கேமனுக்கு அதிகாரப்பூர்வ சர்வீஸ் வேண்டுமென்றால் கிழக்கே சுமார் 140 கிலோமீட்டரில் சென்னைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் மேற்கே சுமார் 210 கிலோமீட்டரில் பெங்களூருக்குப் போக வேண்டும். கார் ஓடுகிற நிலையில் இருந்தால் அந்தப் பயணமே ஒரு சந்தோஷம்தான். ஓடாத நிலையில் இருந்தால், தரையோடு தரையாக நிற்கும் அந்த வண்டியின் முன்பக்கம் உரசாமல் ஏற்றத் தெரிந்த ஆளையும் பிளாட்பெட் லாரியையும் தேடிப் பிடித்து, டோல்கேட் டோல்கேட்டாகக் கடந்து அனுப்பி வைக்க வேண்டியிருக்கும். ஒன்றரை ஆண்டாக இந்தக் கேள்வியோடு அலைந்தவன் என்ற முறையில், நான் பார்த்த மூன்று கார்களையும் அந்தத் தூரத்தை மனத்தில் வைத்தே ஒப்பிடுகிறேன்.

இராணிப்பேட்டையில் தோல் பதனிடும் தொழிலில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். குடும்பத்துக்கென்று வீட்டில் ஒரு கார் இருக்கிறது; இது இரண்டாவது கார், ஞாயிறு காலையில் ஏலகிரிக்குப் போய்வர வேண்டும் என்ற நெடுநாள் ஆசைக்கான கார். பட்டியலில் கடைசிவரை நின்றவை மூன்று: 2016-இல் இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி., 2017-இல் வந்த போர்ஷே 718 கேமன், 2019-இல் வந்த பி.எம்.டபிள்யூ. இசட்4 எம்40ஐ. புதிதாக விற்றபோது டெல்லி ஷோரூம் விலையில் மஸ்டாங் சுமார் 65 லட்சம், கேமன் சுமார் 81 லட்சம், இசட்4 எம்40ஐ சுமார் 79 லட்சம். மூன்றுமே முழுமையாகத் தயாரான நிலையில் கப்பலில் வந்தவை. அந்தக் காலத்தில் 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு 100 சதவீதச் சுங்க வரி இருந்ததால், அந்த விலையில் பெரும்பகுதி காருக்குக் கொடுத்த பணமே இல்லை. ஐந்தாறு ஆண்டுகளில் விலை வெகுவாகச் சரிந்து நம் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் கார் பாதி விலைக்கு வந்துவிட்டது என்பதற்காக அதன் பிரேக் டிஸ்க்கும், சஸ்பென்ஷனும், முகப்பு விளக்கும் பாதி விலைக்கு வருவதில்லை. அவற்றை இன்றைய முழு விலையில்தான் வாங்கியாக வேண்டும். கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் காரின் விலையாகவே கொடுத்துவிடுகிறவர் முதல் பெரிய சர்வீஸிலேயே தடுமாறிப் போவார் என்பதை இரண்டு நண்பர்களின் வீட்டில் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மஸ்டாங்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதை முதலில் விலக்கினேன். 5 லிட்டர், எட்டு சிலிண்டர், டர்போ இல்லாத இயந்திரம். இந்தியாவுக்கு வந்த வடிவத்தில் சுமார் 400 குதிரைத்திறன். பேனட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும் என்பது, நம் ஊர் மெக்கானிக்கை நம்பி வாழ வேண்டியவருக்குச் சிறிய விஷயம் இல்லை. மூன்றில் இதற்கு மட்டும்தான் பின் இருக்கை உண்டு. ஆனால் அந்தப் பின் இருக்கையை நம்பிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன், 2017-இல் ஐரோப்பிய விபத்துச் சோதனையில் இந்தக் காருக்கு இரண்டு நட்சத்திரம் மட்டுமே கிடைத்தது என்பதையும், பின் இருக்கைப் பாதுகாப்புக் குறைபாடு அதற்கு முக்கியமான காரணங்களுள் ஒன்று என்பதையும் அறிந்திருக்க வேண்டும். அதைவிட எனக்குப் பெரிய தடையாகப் பட்டது காரின் நீளம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மஸ்டாங்கில் 2,720 மில்லிமீட்டர். மற்ற இரண்டிலும் ஏறத்தாழ 2,470. இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இருக்கும் வயிற்றுப் பகுதிதான் வேகத்தடையில் உரசும் என்பதால், தரை இடைவெளி ஒரே அளவாக இருந்தாலும் நீளமான கார் முன்பே தட்டும். சத்துவாச்சாரியில் என் வீட்டுக்குப் போகும் தெருவில் மட்டும் மூன்று வேகத்தடைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, தெருக்காரர்களே சிமெண்ட் குழைத்துப் போட்டது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, இறக்குமதியான ஓர் ஒற்றை மாடலுக்கு எட்டாம் ஆண்டில் ஒரு பேனலோ கண்ணாடியோ தேவைப்பட்டால் எத்தனை வாரம் காத்திருப்பது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. இயந்திரத்தின் குரல் மனத்தை உலுக்குகிறது என்பதை மறுக்க மாட்டேன். இருந்தாலும் இந்த ஊருக்கு அது சரிவராது.

கேமனைப் பற்றி அதிகம் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் மனம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இயந்திரம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் படுத்திருக்கிறது. எடை நடுவில் குவிந்திருப்பதால், ஸ்டியரிங்கைத் திருப்பிய கணத்தில் கார் திரும்பி முடிந்திருக்கும். 2 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ, 300 குதிரைத்திறன். எண்ணிக்கையில் மூன்றிலும் குறைவு என்றாலும், சுமார் 1,365 கிலோ எடைக்கு அது தாராளம். மலையடிவாரப் பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு நண்பரின் காரை நிதானமான வேகத்தில் ஓட்டியபோது, அந்த வளைவுகளுக்கு ஏன் நம் புலவர்களின் பெயரையெல்லாம் வைத்தார்கள் என்பதே அன்றுதான் எனக்குப் புரிந்ததுபோல் இருந்தது. ஒவ்வொரு வளைவும் ஓர் அடியாக, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. முன்னால் 150 லிட்டர் பெட்டி, பின்னால் இன்னொரு பெட்டி என்று சாமான் வைக்கவும் இடம் இருக்கிறது.

ஆனால் கேமனின் இயந்திரத்தை நீங்கள் பார்க்கவே முடியாது. பின் பெட்டியைத் திறந்தால் ஆயில் ஊற்றும் மூடியும் கூலண்ட் மூடியும் மட்டும் தெரியும். பெரிய வேலை என்றால் காரைத் தூக்கி நிறுத்தி அடியிலிருந்து இயந்திரத்தை இறக்க வேண்டும். எங்கள் வீட்டு வண்டிகளைப் பதினைந்து ஆண்டாகப் பார்க்கும் காட்பாடி மெக்கானிக் பாயிடம் காட்டியபோது, இரண்டு பக்கமும் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இன்ஜினே கண்ணுல படல, நான் எதைத் தொடறது? இது மெட்ராஸ் வேலைண்ணே" என்று துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். நேர்மையான பதில்.

இன்னொரு விஷயம் நம் ஊருக்கே உரியது. கேமனின் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரண்டு ஓரக் காற்றுத் திறப்புகளுக்குப் பின்னால் இருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் ஏ.சி. கண்டென்சர்கள். சாலையில் கிடக்கும் சருகு, தூசி எல்லாம் அந்தத் திறப்புகளுக்குள் புகுந்து அடியில் தங்கிவிடும். நான் பார்த்த ஒரு கேமனில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, புளியமரத்துச் சிற்றிலைகள் ஒரு கைப்பிடி அளவுக்கு மண்ணோடு சேர்ந்து அடையாகப் படிந்திருந்தன. மழைக்காலத்தில் அந்த அடை ஈரத்தைப் பிடித்து வைத்து அலுமினியத்தை அரிக்கும்; வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிற கத்திரி நாட்களில் காற்றோட்டத்தை மறித்து இயந்திரத்தைச் சூடாக்கும். பம்பரைக் கழற்றி ஆண்டுக்கொரு முறை சுத்தம் செய்தால் போதும், பெரிய வேலை இல்லை. ஆனால் முந்தைய ஓனர் அதைச் செய்தாரா என்பதை சர்வீஸ் பில்லில் தேட வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று 2008 மாடல் வரையிலான போர்ஷே கேமன், பாக்ஸ்டர், 911 பக்கம் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தத் தலைமுறை இயந்திரங்களுக்குள் சுழலும் இடைத்தண்டின் பேரிங் உடைந்தால் இயந்திரமே போய்விடும் என்பது உலகெங்கும் அறிந்த குறை. 2009 மாடலிலிருந்து வந்த புதிய இயந்திரத்தில் அந்தத் தண்டையே நீக்கிவிட்டார்கள்.

இசட்4 எம்40ஐ அந்த அளவுக்கு மனத்தைப் பறிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் உட்காரலாம். துணிக் கூரை, 10 விநாடியில் திறக்கும். வேலூர் வெயிலில் கூரையைத் திறந்து ஓட்டுவது மார்கழி, தை மாதங்களிலும் மற்ற நாட்களில் காலை ஏழு மணிக்கு முன்னும்தான். வெயிலில் நிறுத்தி வைத்தால் கூரை ஓரத்து ரப்பர்கள் காய்ந்து வெடிக்கும் என்பதால் மூடிய ஷெட் கட்டாயம். ஆனால் பேனட்டுக்குள் இருப்பது 3 லிட்டர், நேர்வரிசையில் ஆறு சிலிண்டர், 340 குதிரைத்திறன். அதோடு இணைந்தது இசட்.எஃப். நிறுவனத்தின் எட்டு வேக ஆட்டோமேட்டிக். கார் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் தயாரானது என்றாலும், இந்த இயந்திரக் குடும்பமும் கியர்பாக்ஸ் குடும்பமும் இந்தியாவில் ஓடும் பல பி.எம்.டபிள்யூ. செடான்களிலும் எஸ்.யூ.வி.களிலும் இருக்கின்றன. ஆகவே உதிரிப் பாகங்கள் பல இங்கே கையிருப்பில் இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைக் கழற்றி மாட்டிப் பழகிய கைகளும் சென்னையில் ஒன்றுக்குப் பத்தாக இருக்கின்றன. எங்கள் பாயால்கூட ஆயில், பெல்ட், பேட்டரி அளவுக்கு இதில் வேலை பார்க்க முடியும். டர்போவும் கூலண்ட் குழாய்களும் வெப்பத்தில் இருக்கும் பாகங்கள் என்பதால் கசிவுக்காக அவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். அதைத் தவிர அஞ்ச வேண்டிய பெரிய குறை எதுவும் என் காதுக்கு வரவில்லை. கேமன், இசட்4 இரண்டிலும் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் திரவமும் சிறிய பம்பும்தான் என்பதால், பள்ளிகொண்டா தாண்டி இரவில் டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் இரண்டு கார்க்காரரும் ஒரே நிலையில்தான் நிற்பார்கள்.

எந்தக் காரானாலும் அதன் உண்மையான ஓட்டத்தை இருக்கைத் தோலில் படிக்கலாம் என்பது என் தொழில் எனக்குக் கொடுத்த உதவி. ஓட்டுநர் இருக்கையின் வலது ஓர மேடு, ஏறி இறங்கும்போதெல்லாம் தொடை உரசுகிற இடம். 20,000 கிலோமீட்டர் ஓடிய காரில் அங்கே மடிப்பு விழுந்திருக்கும், மேல்பூச்சு முழுசாக இருக்கும். மீட்டரில் 20,000 காட்டிவிட்டு அங்கே பூச்சு வெடித்து உள்நார் தெரிந்தால், எண் பொய் சொல்கிறது. விற்பனைக்கு முன் அந்த இடத்துக்கு மட்டும் புதிதாக நிறம் அடிப்பவர்களும் உண்டு. வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அதே இடத்தில் இருபது முறை அழுத்தித் தேய்த்தால், நல்ல ஆலைப் பூச்சு துணியில் ஒட்டாது; தெளித்த நிறம் ஒட்டும். ஏற்றுமதிக்குப் போகும் ஒவ்வொரு தோலுக்கும் நாங்கள் செய்கிற சோதனைதான் இது. காரின் சொந்தக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அனுமதி கேட்டுத்தான் செய்ய வேண்டும். அனுமதி மறுப்பவரிடம் மேற்கொண்டு பேச எனக்கு ஒன்றும் இருப்பதில்லை.

இன்னொரு சோதனையால் நான் ஒரு பெரிய இழப்பிலிருந்து தப்பினேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அடுத்த ஆண்டு ஒரு விற்பனையாளர் காட்டிய காரில் எல்லாம் பளபளப்பாக இருந்தது; வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கல். முன் இருக்கை சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். வழக்கமாக உள்ளேயே சுருண்டிருக்கும் அந்தக் கடைசி ஒரு முழத்தில், குறுக்காக, பென்சிலால் போட்டதுபோல் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று இருந்தது. இருக்கையின் இரும்புத் தண்டவாளத்தில் விரலை விட்டால் மாவு போன்ற வண்டல். கொடுத்திருந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க நான்கு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து, ஹாய்ஸ்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்ப்பதற்கு முன் ஒரு ரூபாய்கூட நான் கொடுப்பதில்லை. டயரின் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும் பார்த்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் ஏழு ஆண்டு நின்ற டயர், நல்ல டயர் ஆகாது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெங்களூரில் கே.ஏ. எண்ணோடு மலிவாகக் கிடைக்கும் காரை வேலூரின் டி.என். 23-க்குக் கொண்டுவர அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே காரின் வயதுக்கேற்ற ஆயுட்கால வரியை மறுபடி கட்ட வேண்டும். அங்கே மிச்சமானது இங்கே போய்விடும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு 20 சதவீத வரி என்பதை நினைத்துப் பார்த்தால், முதல் ஓனர் இங்கேயே வரி கட்டிவிட்ட டி.என். எண் காரின் மதிப்பு புரியும். கடன் இருந்த கார் என்றால் படிவம் 35-ஓடு ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன் என்ற கடன் பதிவு நீங்கியிருக்க வேண்டும். இன்சூரன்ஸில் இழப்பீடு கேட்காததற்காகக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி விற்பவருக்கே உரியது, காரோடு வராது. ஐந்து ஆண்டைத் தாண்டிய காருக்குக் காப்பீட்டு மதிப்பை நிறுவனத்தோடு பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இன்சூரன்ஸ் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வீட்டில் இது ஒன்றுதான் கார் என்கிறவருக்கு என் யோசனை இந்த மூன்றிலுமே இல்லை. இசட்4-இல் இருக்கும் அதே இயந்திரக் குடும்பம், நான்கு கதவுள்ள பி.எம்.டபிள்யூ. எம்340ஐ-இல் இருக்கிறது (வந்த புதிதில் 387 குதிரைத்திறன்). 2021-இல் இந்தியாவுக்கு வந்த அந்தக் கார் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையிலேயே பாகங்களை இணைத்துத் தயாரிக்கப்படுகிறது. அம்மாவைச் சி.எம்.சி.க்கு அழைத்துப் போகவும் அதுவே உதவும். இரண்டாவது கார் என்றால், வேலூரில் இருப்பவருக்கு இசட்4-தான் என் முடிவு. கேமனுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன்: டி.என். எண், ஒரே ஓனர், ஒரு சர்வீஸ்கூட விடுபடாத பில்கள், 111 அம்சச் சோதனை முடித்து, பழைய கார்களுக்கு போர்ஷே நிறுவனமே தரும் போர்ஷே அப்ரூவ்டு உத்தரவாதத்தோடு வருகிற கார். அந்த நான்கும் சேர்ந்து அமைந்தால், சென்னைக்கு ஆண்டுக்கு இரண்டு முறை போய்வரும் சிரமத்தை நான் ஏற்றுக்கொள்வேன். இதுவரை நான் பார்த்த ஐந்து கேமன்களில் ஒன்றுக்கும் நான்கும் சேரவில்லை. வருகிற சனிக்கிழமை சென்னையில் 2020 மாடல் இசட்4 ஒன்றைப் பார்க்கப் போகிறோம். பாயும் கடையை ஒருநாள் மூடிவிட்டு உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார், ஹாய்ஸ்டுக்கும் காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியாயிற்று.