இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு: வீட்டில் ஆள் போடுவதா, ரீஹேப் சென்டரா?

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, மூட்டில் பந்துப் பகுதியை மட்டும் மாற்றினார்கள். டிஸ்சார்ஜ் பேச்சு எடுத்ததும் வீட்டில் இரண்டு கட்சி. ஏஜென்சி மூலம் ஆள் போட்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். கொஞ்ச நாள் ரீஹேப் சென்டரில், அதாவது தங்க வைத்து நடக்கப் பழக்கும் மறுவாழ்வு மையத்தில், வைத்திருந்து கூட்டி வரலாம் என்றேன் நான். சென்டரில்தான் சேர்த்தோம், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்கப் போவதில்லை.

வீட்டின் வசதிகள் தெரிந்தவைதான்: பழகிய கட்டில், நம் கைச் சாப்பாடு, பேரப்பிள்ளைகள். இடம் மாறினால் சில முதியவர்களுக்கு ராத்திரியில் குழப்பம் வரும். ஞாபக மறதி உள்ளவருக்கு வீடே நல்லது என்று எனக்கும் படுகிறது. அம்மாவுக்கு அந்தச் சிக்கல் இல்லாததால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

எங்களுக்கு முடிவு செய்தது பாத்ரூம். வீட்டுக்கு வரும் அட்டெண்டர் தனி ஆள். நடுராத்திரியில் அம்மா ஒன்றுக்குப் போக வேண்டும் என்றால் எழுப்பி உட்கார வைத்து, வாக்கரைப் பிடிக்கச் சொல்லி, நடத்திப் போய், திரும்பவும் படுக்க வைக்க வேண்டும். விழுந்துவிட்டால் பழி தன் மேல் வரும் என்ற பயம் வேறு. டயப்பர் மாட்டிவிட்டால் அத்தனை வேலையும் மிச்சம். அவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் இந்த நிலையில் இருப்பவர் நாளெல்லாம் எழுந்து நடப்பதே பெரும்பாலும் பாத்ரூமுக்காகத்தான். அதுவும் நின்றால் தொடைச் சதை கரையும், நெஞ்சில் சளி கட்டும், இடுப்புக்குக் கீழே படுக்கைப் புண் ஆரம்பிக்கும். பிசியோ வந்து பயிற்சி கொடுத்துவிட்டுப் போனதும் மீதி நேரமெல்லாம் கட்டில்தான்.

நாங்கள் சேர்த்த இடத்தில் டாய்லெட் சீட்டின் மேல் உயரம் கூட்டும் வளையம், இருபுறமும் கைப்பிடி இருந்தன. தாழ்வாக உட்கார்ந்தால் மாற்றிய மூட்டு நழுவலாம், அதற்காக. அம்மா கேட்கும்வரை காத்திராமல் நேரம் வைத்துக் கூட்டிப் போனார்கள், பிடிக்க இரண்டு பேர்.

எல்லா சென்டரும் இப்படி இல்லை. முதலில் பார்த்த ஒன்றில் ஜிம் பளபளவென்று இருந்தது. மதியம் மூன்று மணிக்கு அறைக்கு அறை டயப்பரோடு படுத்திருந்தார்கள். ஜிம்மை விடுங்கள், ராத்திரி ஷிப்டில் ஒருவர் எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று கேளுங்கள்.

காசு? மறுவாழ்வுக்காக மட்டும் சேர்வதை இன்சூரன்ஸ் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய மருந்து, டாக்டர் செலவுக்குப் பல பாலிசிகளில் 60 அல்லது 90 நாள் வரை கிளெய்ம் உண்டு. சென்டர் கட்டணம் கையிலிருந்துதான்.

பக்கவாதம் வந்தவருக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே பேச்சு, விழுங்குதல் என்று வேறு பயிற்சிகளும் உண்டு.

வீடுதான் என்று முடிவானால், தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். கமோட் சேர் (டாய்லெட்டாகப் பயன்படும் நாற்காலி) வாடகைக்குக் கிடைக்கும், கட்டிலை ஒட்டிப் போடுங்கள். அப்புறம், வரும் ஆளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பகலில் டயப்பர் கிடையாது.