பச்சை உடம்புக்கான கிட்: பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

பிரசவத்துக்குப் பின் பயன்படுத்த என்று ஆன்லைனில் விற்கும் கிட்களில் எந்த பிராண்டைத் திறந்தாலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான்: வயிற்று பெல்ட், கமோடில் பொருத்தி வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காருவதற்கான சிட்ஸ் பாத் பேசின், நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை, பிழியும் தண்ணீர் பாட்டில், ஐஸ் பேக். விளம்பரத்தில் முதலில் வருவது பெல்ட். வலியைக் குறைப்பதில் முதலில் வருவது பேசின்.

பெல்ட்டிலிருந்தே தொடங்கலாம். பாட்டிகள் பருத்திச் சேலையால் வயிறு கட்டிய வேலையை இது வெல்க்ரோவால் செய்கிறது. சிசேரியன் ஆனவர்களுக்கு முதல் சில நாட்கள் எழ, நடக்க, இரும நல்ல பிடிமானம் தரும். அதைத் தாண்டித் தொப்பை குறையும், கர்ப்பத்தில் நடுவில் பிரிந்த வயிற்றுத் தசை சேரும் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம்; கொழுப்பைக் கரைக்கும் வேலை எந்த எலாஸ்டிக்குக்கும் தெரியாது. மல்லாந்து படுத்து, மூச்சை வெளியே விட்டு, இடுப்பெலும்புப் பக்கமிருந்து மேல்நோக்கி ஒட்ட வேண்டும். உள்ளே இரண்டு விரல் தாராளமாக நுழையணும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவிழ்க்கணும், தூங்கும்போது வேண்டவே வேண்டாம். இறுக்கிக் கட்டினால் அழுத்தம் உள்ளே கீழ்நோக்கி இறங்கும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்புத்தளத் தசைதான் அதைத் தாங்கணும். தும்மினால் சிறுநீர் கசிவது இதனால் கூடலாம். நம் ஊர் வெயிலில் தையலுக்கு மேல் வியர்வை தங்கிப் புண்ணாவதும் உண்டு. அடியில் மெல்லிய பருத்தித் துணி போடுங்கள். அளவு எடுக்கும்போது கர்ப்பத்துக்கு முந்தைய இடுப்புச் சுற்றளவைப் போட்டு ஆர்டர் செய்வதுதான் பெரும்பாலானோர் செய்யும் தப்பு. பிரசவத்துக்குப் பிறகு தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்த அளவே சரி.

வயிற்றுத் தசை பிரிந்திருக்கிறதா என்று பார்க்க பெல்ட் தேவையில்லை. முழங்காலை மடக்கிப் படுத்து, தலையை மட்டும் லேசாகத் தூக்கி, தொப்புளுக்கு மேல் விரல்களைக் குறுக்காக வையுங்கள். எட்டு வாரம் கழித்தும் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

பேசின் கொடுத்த காசுக்குத் தகும். சுகப்பிரசவத்தில் தையல் போட்டவர்களுக்கு முதல் ஓரிரு நாள் துணி சுற்றிய ஐஸ் பேக் பத்து நிமிடம், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் உட்காருவது, தினம் இரண்டு மூன்று தடவை. சூடு சரியா என்று மணிக்கட்டில் ஊற்றிப் பாருங்கள். டெட்டால் ஊற்றினால் எரிச்சல்தான் மிச்சம். வெறும் தண்ணீரே போதும். எழுந்ததும் தேய்க்காமல் ஒற்றி எடுக்கணும். வீட்டில் இந்தியன் டாய்லெட் என்றால் இந்தப் பேசின் பொருந்தாது, அகலமான பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். பாட்டிலுக்கும் தனியாகக் காசு வேண்டாம், சிறுநீர் போகும்போதே ஒரு மக் தண்ணீரை மெதுவாக முன்னிருந்து பின்னாக ஊற்றினால் எரிச்சல் அடங்கும். ஹெல்த் ஃபாசெட்டின் வேகம் தையலுக்கு ஆகாது.

வளையத் தலையணையைத் தவிர்க்கலாம். ஓட்டையைச் சுற்றி அழுத்தம் விழுந்து, நடுவில் இரத்தம் தேங்கி, வீக்கம் கூடும். ஒருக்களித்துப் படுத்துப் பால் கொடுப்பது இதைவிட மேல். ‘தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்’ என்று தண்ணீரைக் குறைக்கும் வீடுகளில் மலச்சிக்கல் வந்து, முக்கி முக்கித் தையல்தான் வலிக்கிறது. பத்தியம் இருந்தாலும் தண்ணீரை அளக்காதீர்கள்.

மாத்திரை கிட்டில் வராது. டாக்டர் எழுதிய பாரசிட்டமாலை வலி உச்சிக்கு ஏறும்வரை தள்ளிப்போடாமல் நேரம் வைத்துப் போட்டால்தான் பலன். 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. தாய்ப்பாலுக்கு இடைஞ்சல் இல்லை. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, ஒரு மணி நேரத்தில் பேடு நனையும் இரத்தப்போக்கு, ஒரு காலின் கெண்டையில் மட்டும் வீக்கம்: இவற்றுக்கு மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பெட்டியில் இருந்திருக்க வேண்டிய ஒன்று காசே இல்லாத ஒரு தாள்: பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உதவும் எடின்பரோ அளவுகோல். 1987-ல் வெளியானது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. இதன் கெட்டிக்காரத்தனம், பசி, களைப்பு என்று பச்சை உடம்புக்காரி எல்லோருக்கும் இருப்பதைக் கேட்காமல் விட்டதில் இருக்கிறது. ஏழாவது கேள்வி மட்டும் தூக்கத்தைத் தொடும், அதுவும் மனவேதனையால் தூக்கம் கெட்டதா என்றுதான். குழந்தை எழுப்பியதால் விழித்ததை அதில் சேர்க்காதீர்கள்; குழந்தை தூங்கியும் அம்மாவுக்குக் கண் மூடவில்லை என்றால் சேருங்கள்.

கூட்டுவதில்தான் தவறு நடக்கிறது. 1, 2, 4 கேள்விகளின் நான்கு பதில்களுக்கு மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழுக்கும் 3, 2, 1, 0. தலைகீழாகக் கூட்டினால் நொறுங்கிக்கிடப்பவளும் சௌக்கியமாகத் தெரிவாள். அவளே தனியாக நிரப்பணும். மாமியாரோ கணவரோ தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’தான் விழும். வழக்கமாக 13 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வுக்கு வாய்ப்பு அதிகம் என்பார்கள். தமிழ் வடிவத்தைச் சோதித்த 2005 ஆய்வோ கோட்டை 8-க்கும் 9-க்கும் நடுவில் போட்டது. அதனால் 9 வந்தாலே டாக்டரிடம் காட்டலாம். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதில் ‘ஒருபோதும் இல்லை’ தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றைக்கே உதவி தேடணும், அவளைத் தனியாக விடவும் கூடாது.

மூன்றாம் நாளையொட்டித் தொடங்கும் அழுகை இரண்டு வாரத்தில் அடங்கிவிடும், அதற்கு மேலும் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்கணும். இல்லாத குரல் கேட்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது, குழந்தையைப் பற்றி விபரீத நம்பிக்கை இருந்தால் அது வேறு வகை அவசரம், 108-ஐ அழையுங்கள். மற்றபடி 14416, டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் அந்தத் தாளின் மொத்த எண்ணைச் சொல்லியே தொடங்கலாம்.

டாக்டரிடம் போகும்போது ஹீமோகுளோபினையும் டிஎஸ்எச் என்னும் தைராய்டு சோதனையையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தசோகையும் பிரசவத்துக்குப் பின் வரும் தைராய்டு கோளாறும் மனச்சோர்வு மாதிரியே தோன்றும். மாத்திரை தேவைப்பட்டாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியிருக்கும் என்று பயப்பட வேண்டாம். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு வழக்கமாகத் தரப்படுபவைதான்.