கழற்றி மாட்டும் யுஎஸ்பி சீரியல்: லினக்ஸில் பைசீரியலோடு நீண்ட காலப் பயன்பாடு

யுஎஸ்பி-சீரியல் சாதனத்தின் கேபிளை உருவி மறுபடி செருகினால், யுஎஸ்பி0 (ttyUSB0) என்றிருந்த போர்ட் யுஎஸ்பி1 ஆகிவிடுகிறது. பலர் இதை லினக்ஸின் கோளாறு என்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் நம் நிரலில்தான்: சாதனம் போன பிறகும் பழைய போர்ட்டை அது மூடாமல் வைத்திருக்கிறது. மூடும்வரை கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) அந்த எண்ணை விடுவிக்காது. பிழை வந்ததும் முதலில் போர்ட்டை மூடுங்கள், பிறகு சாதனத்தைத் தேடுங்கள்.

எந்தப் பிழையைப் பிடிப்பது என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. படிக்கும்போது சாதனம் போனால் பைசீரியல் (சீரியல் போர்ட்டைக் கையாளும் பைத்தான் நூலகம்) தன் சொந்த சீரியல் எக்செப்ஷனைத் தரும். வந்து நிற்கும் பைட்டுகள் எத்தனை என்று கேட்கும்போது (in_waiting) போனாலோ, வெறும் ஓஎஸ் எரர் (எண் 5) வரும். முன்னது பின்னதன் கிளை வகுப்பு. ஆகவே ஓஎஸ் எரரைப் பிடித்தால் இரண்டும் சிக்கும். டைம்அவுட்டில் வரும் வெற்று விடை துண்டிப்பு அல்ல. அதற்காகப் போர்ட்டை மூடாதீர்கள்.

இரண்டு சாதனங்கள் இருந்தால் போர்ட் எண்ணை நம்பவே கூடாது. யுஎஸ்பி-சீரியல் சிப்புகளில் எஃப்டி232ஆர்-இல் தனித்தனி சீரியல் எண் இருப்பதால், யுடெவ் (சாதனங்களுக்குப் பெயரும் அனுமதியும் அமைக்கும் லினக்ஸ் சேவை) தரும் 'பை-ஐடி' (by-id) பெயர் எந்தத் துளையில் செருகினாலும் மாறாது. மலிவான சிஎச்340-இல் பெரும்பாலும் சீரியல் எண்ணே கிடையாது. சிபி2102 மாட்யூல்கள் பலவற்றில் எல்லாவற்றுக்கும் 0001தான். ஒரே மாதிரி இரண்டைச் செருகினால் ஒரே பெயருக்கு இரண்டும் மோதும். அப்போது செருகிய துளையை வைத்து அமையும் 'பை-பாத்' (by-path) பெயரைப் பயன்படுத்தி, ஹப்பின் துளைகளில் லேபிள் ஒட்டுவதே வழி. புதிதாக வாங்குபவர்கள் கூடுதல் காசு கொடுத்து எஃப்டி232ஆர் வாங்கலாம், தகும்.

மறு இணைப்பில் அவசரம் கூடாது. போர்ட் தோன்றிய கணத்திலேயே திறந்தால், யுடெவ் அனுமதிகளை அமைக்கும் முன் 'அனுமதி இல்லை' என்று வரலாம். அரை நொடி விட்டு மறுபடி முயலுங்கள். ஆர்டுயினோ ஊனோ, போர்ட்டைத் திறந்ததுமே டிடிஆர் (DTR) என்ற கட்டுப்பாட்டு சிக்னல் வழியாக ரீசெட் ஆகும். 2 நொடி பொறுத்து, உள்வரும் பஃபரைக் காலிசெய்து, முதல் அரைகுறை வரியைத் தள்ளிவிடுங்கள்.

உபுண்டு 22.04-இல் சிஎச்340 தோன்றி உடனே மறைந்தால், பிரெய்ல் திரைக்கான பிஆர்எல்டிடிஒய் (brltty) என்ற நிரல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிரெய்ல் திரை பயன்படுத்தாத கணினியில் அந்தப் பேக்கேஜை நீக்கலாம்.

ரிலே அடிக்கும் நேரத்தில் மட்டும் துண்டிப்பு வந்தால், நிரலில் தேடிப் பயனில்லை. கெர்னல் பதிவில் ஹப் பற்றிய வரியில் 'இஎம்ஐ' (EMI, மின்காந்த இடையூறு) என்று இருக்கிறதா பாருங்கள். ரிலேயின் டிசி காயிலுக்குக் குறுக்கே டயோடு, குட்டையான கேபிள், ஃபெரைட் மணி ஆகியவற்றை அதே வரிசையில் முயலுங்கள்.