ஸ்டீம் என்ஜின்: காயில் சுற்றுபவர்களுக்கு நம்பகமான கால்குலேட்டர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் வேப் பிடிக்கும் பையன்கள் பலர் காயிலை, அதாவது வேப்புக்குள் சூடாகும் கம்பிச் சுருளை, தாங்களே சுற்றிக்கொள்கிறார்கள். நான் எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேன். கரண்டு சமாச்சாரம் என்றால் என்னைத் தேடி வந்துவிடுவார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவர்களும் விட்டுவிட்டால் சந்தோஷம்தான். ஆனால் விடும்வரை அவர்கள் கையில் எதுவும் வெடித்துவிடக் கூடாது. 2018இல் புளோரிடாவிலும் 2019இல் டெக்சஸிலும் வேப் கருவி வெடித்து ஆள் இறந்திருக்கிறார்கள். அதனால்தான் எந்தக் காயிலுக்கு எத்தனை ஆம்பியர் போகும் என்று கணக்குச் சொல்லும், இவர்கள் நம்பும் கால்குலேட்டர்களை நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

முதலில் அக்கா மகன் போனில் இருந்த ஒரு செயலி. அவன் வைத்திருப்பது மெக்கானிக்கல் மோட் (மோட் என்பது பேட்டரி போடும் வேப் கருவி). உள்ளே தடுத்து நிறுத்த எந்தச் சர்க்யூட்டும் கிடையாது, பட்டனை அழுத்தினால் பேட்டரி கரண்டு நேராகக் காயிலுக்குப் போகும். காயிலின் தடை 0.2 ஓம் என்று போட்டான், 18.5 ஆம்பியர் என்று வந்தது. பேட்டரி சாம்சங் 25ஆர். தொடர்ந்து 20 ஆம்பியர் வரைதான் அதற்குக் கணக்கு.

"20க்குள்ளதானே மாமா இருக்கு?" என்றான்.

"எத்தனை வோல்ட் போட்டிருக்கு பாரு" என்றேன். மூலையில் சின்ன எழுத்தில் 3.7 என்று இருந்தது. அது இந்த வகைப் பேட்டரிகளுக்குப் பொதுவாகச் சொல்லும் பெயரளவு வோல்ட். சார்ஜரிலிருந்து எடுத்த கையோடு அதில் 4.2 இருக்கும். 4.2ஐ 0.2ஆல் வகுத்தால் 21 ஆம்பியர், எல்லை தாண்டிவிட்டது. காயில் 0.15க்கு இறங்கினால் 28. எந்த வோல்ட் என்று கேட்காமலே விடை சொல்லும் செயலியை வைத்திருக்காதீர்கள், அழித்துவிடுங்கள்.

ஸ்டீம் என்ஜின் அப்படி இல்லை. இது இணையத்தில் இலவசம். ஓம் விதிப் பக்கத்தில் வோல்ட், ஓம், ஆம்பியர், வாட் நான்கில் எந்த இரண்டைக் கொடுத்தாலும் மீதி இரண்டைச் சொல்லும். வோல்ட் நீங்கள் போடுவதுதான், 4.2 என்றே போடுங்கள். காயில் பக்கமும் எனக்குப் பிடித்தது. காந்தல் (Kanthal) என்ற வகைக் கம்பி, தடிமன் 26 கேஜ், சுருளின் உள்விட்டம் 3 மில்லிமீட்டர், 0.8 ஓம் வேண்டும் என்றால் ஏறக்குறைய 6 சுற்று என்கிறது. கம்பியின் தடையை வைத்து நான் கையால் போட்ட கணக்கும் ஏறக்குறைய அதே விடைதான் வந்தது. காயிலின் இரண்டு கால்களுக்கு, அதாவது சுற்றாமல் நீட்டி விடும் இரண்டு முனைகளுக்கு, போகும் நீளத்தையும் சேர்த்துக்கொள்வது நல்ல விஷயம், நிறையப் பேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

வாட் மாற்றும் மோட் வைத்திருப்பவர்கள் ஓம் விதிப் பக்கத்துக்குப் போகவே வேண்டாம். அவர்களுக்குப் பேட்டரியிலிருந்து போகும் கரண்டைத் தீர்மானிப்பது காயில் இல்லை, வாட்தான். அதற்குத் தனிப் பக்கம் இருக்கிறது. ஒற்றைப் பேட்டரி, 75 வாட், பேட்டரி 3.2 வோல்ட்டுக்கு இறங்கிய நேரம், சர்க்யூட்டின் திறன் 90 சதவீதம் என்று வைத்தால் 26 ஆம்பியர் இழுக்கும். 40 வாட்டில் 14கூட வராது. இங்கே பேட்டரி இறங்க இறங்கத்தான் கரண்டு ஏறும், மெக்கானிக்கலுக்கு நேர் எதிர். இதைப் பையன்களுக்குப் புரிய வைக்கத்தான் ரொம்ப நேரம் ஆனது.

அப்புறம், கால்குலேட்டர் சொன்ன ஓம்தான் காயிலில் இருக்கும் என்று நினைக்கக் கூடாது, அளந்து பார்க்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் இதற்கு ஆகாது. என்னுடையதில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு வைத்தாலே 0.3 காட்டுகிறது. 0.2 ஓம் காயிலை அதில் எப்படி அளப்பது? காயில் அளப்பதற்கென்றே ஓம் மீட்டர் விற்கிறார்கள், மெக்கானிக்கல் மோட் வாங்கக் காசு இருப்பவன் அதையும் வாங்கியே ஆக வேண்டும்.

பேட்டரி உறையில் அச்சடித்திருப்பதை எந்தக் கால்குலேட்டராலும் சரிபார்க்க முடியாது. வேறு கம்பெனி செல்லுக்குப் புது உறை மாட்டி 35, 40 ஆம்பியர் என்று போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். செல்லைச் செய்த கம்பெனி கொடுத்த எண்ணைத் தேடி எடுத்து அதோடு ஒப்பிடுங்கள். உறை கொஞ்சம் கிழிந்திருந்தாலும் அந்தப் பேட்டரியைப் போடாதீர்கள்.

ஸ்டீம் என்ஜினில் ஒரே குறை, தமிழ் கிடையாது. அதனால் 4.2 வோல்ட்டுக்கு எத்தனை ஓமில் எத்தனை ஆம்பியர் என்று தமிழில் ஒரு அட்டை எழுதி, டவுனில் காயில் கம்பி விற்கும் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். அங்கே கம்பி வாங்குபவர்கள் கேட்டுப் பாருங்கள், காட்டுவார்.