லாஸ் ஏஞ்சலிஸில் காவல் வேலைக்குச் சேர ஷெரிஃப் டெபுட்டியா (நம் மாவட்டம் போன்ற கவுண்ட்டியின் காவலர்), நகரப் போலீஸா?

கலிஃபோர்னியா சட்டப்படி வயது 21, பின்னணி விசாரணை, குறைந்தது 664 மணி நேர அடிப்படைப் பயிற்சி என்று இரண்டுக்கும் வாசல் ஒன்றுதான். அப்புறம்தான் பாதை பிரிகிறது. நகரப் போலீஸில் பயிற்சி முடிந்ததும் மூத்த அதிகாரியோடு ரோந்து வண்டியில் ஏறிவிடலாம். கவுண்ட்டி ஷெரிஃப் துறையிலோ புது டெபுட்டிகளை வழக்கமாக முதலில் சிறைப் பணிக்குத்தான் அனுப்புவார்கள், அங்கே கைதிகளின் தலை எண்ணுவது, அறை அறையாக நடந்து போர்வைக்குள் படுத்திருப்பவருக்கு மூச்சு ஏறி இறங்குகிறதா என்று நின்று பார்ப்பது, சாப்பாட்டு நேரத்தில் கிளம்பும் தகராறைப் பேசியே அடக்குவது என்று ஆண்டுக்கணக்கில்கூட ஓடும். பலர் இதற்குப் பயந்தே விலகுகிறார்கள், எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் கோபமாக இருப்பவரிடம் நிதானமாகப் பேச இதைவிட நல்ல பள்ளி கிடையாது. தெருவில் இறங்க அவசரம் என்றால் நகரம், சரி. பொறுமை இருந்தால் கவுண்ட்டி; பின்னாளில் நீதிமன்றக் காவல், மலை மீட்பு வரை கதவு திறக்கும்.