கூச்சம் என்று போனேன், இரண்டு பல்லைத் தோண்டிவிட்டார்கள்

ஒரு வருஷமாகவே குளிர்ந்த தண்ணீர் பட்டால் இடது பக்கப் பற்கள் சுரீர் என்று கூசும். விழுங்கியதும் நின்றுவிடும். அந்த நேரத்தில்தான் எங்கள் குடியிருப்பில் இலவசப் பல் முகாம் போட்டார்கள். டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், ஆறு பற்களில் நரம்பு செத்துவிட்டது, ஆறுக்கும் ரூட் கெனால் (பல்லைத் துளைத்து உள்ளே இருக்கும் நரம்பை எடுத்து அடைப்பது) செய்து கேப் போட வேண்டும், இந்த வாரமே வந்தால் சலுகை என்றார். பயந்துபோய் மறுநாளே கிளினிக்குக்கு ஓடினேன்.

இரண்டு பற்களுக்கு 18,000 ரூபாய். பல்லைத் திறப்பதற்கு முன்னால் எக்ஸ்ரே எடுக்கவில்லை. தினமும் என்ன சாப்பிடுகிறேன், எப்படிப் பல் விளக்குகிறேன் என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேப் உட்காருவதற்காக நல்ல பல்லைச் சுற்றிலும் ராவினார்கள்.

மீதி நான்குக்கு நாள் குறித்திருந்தபோது என் தங்கை விடவில்லை. "அக்கா, இன்னொருத்தர்கிட்ட காட்டிட்டு அப்புறம் போ" என்று கும்பகோணத்தில் அவளுக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி: "காலையில எழுந்ததும் என்ன குடிக்கிறீங்க?"

வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து, தேன் விட்டு. எடை குறைய இரண்டு வருஷமாகக் குடிக்கிறேன். குடித்த கையோடு ஹார்ட் ப்ரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பேன்.

அவர் எக்ஸ்ரே எடுத்தார். பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்து மீதி நான்கு பல்லிலும் ஒவ்வொன்றாக வைத்தார். கூசியது, எடுத்ததும் நின்றது. "நரம்பு செத்த பல்லுக்குக் குளிரே தெரியாதும்மா" என்றார். பிறகு கையில் கண்ணாடியைக் கொடுத்து, ஈறு ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்க்கச் சொன்னார். நகம் ஒரு பள்ளத்தில் போய் மாட்டியது. மரத்தில் அரிவாளால் கொத்தின மாதிரி ஆப்பு வடிவத்தில் ஒரு வெட்டு. நான் வலது கையால் விளக்குவதால் இடது பக்கம்தான் அழுத்தம் அதிகமாம்.

வாயில் பிஹெச் (அமிலத்தைக் காட்டும் அளவு, எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல் உள்ள எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2, 3 அளவில் இருக்கிறது. அது பட்டு இளகியிருக்கும் நேரத்தில் தேய்த்தால் அந்தப் படலமே போய்விடும். போன எனாமல் திரும்ப வளராது. அதற்கு உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கு வெளியே தெரிவதுதான் கூச்சத்துக்குக் காரணம்.

நான்கில் ஆழமான இரண்டு பள்ளங்களைப் பல் நிறத்திலேயே ஃபில்லிங் செய்து அடைத்தார். எல்லாப் பற்களுக்கும் ஃப்ளூரைடு வார்னிஷ் பூசினார். பிசின் மாதிரி ஒட்டும் பூச்சு அது, ஐந்து நிமிஷ வேலை. மறுநாள் காலை வரை பல் விளக்க வேண்டாம் என்றார். ஆறு மாதம் கழித்து மறுபடி பூச வேண்டும். மொத்தம் 3,200 ரூபாய். மென்மையான ப்ரஷ்ஷுக்கு மாறினேன், எலுமிச்சையை விட்டேன். புளிப்பு ஏதாவது சாப்பிட்டால் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் விளக்குகிறேன். கூச்சம் மூன்று வாரத்தில் அடங்கியது.

ரூட் கெனாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. ராத்திரியில் தானாக வலி எழுந்தாலோ, குளிர் பட்ட வலி நிமிஷக்கணக்கில் நின்றாலோ, ஈறில் சீழ் வைத்தாலோ தள்ளிப்போடவே கூடாது. ஆனால் எக்ஸ்ரேயும் குளிர் சோதனையும் இல்லாமல் நரம்பு செத்துவிட்டது என்றால் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பழைய கிளினிக்கில் போய்க் கேட்டேன். "எப்படியும் ஒருநாள் செய்ய வேண்டி வந்திருக்கும் மேடம்" என்றார்கள். ராவின பல்லை யாராலும் பழையபடி ஆக்க முடியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி முகாமாம், லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவது மாடிப் பாட்டி இரண்டு பேரன்களுக்கும் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன்.