டமாக்சிஃபெனா, லெட்ரோசோலா? இரண்டையும் விழுங்கியவள் எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விலை கூடிய மாத்திரைதான் நல்ல மாத்திரை என்ற கணக்கு இங்கே செல்லாது. கேரள எல்லையில் எங்கள் களியக்காவிளை பக்கம் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஹார்மோன் மாத்திரைக்கு வருகிற பெண்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எது அக்கா நல்லது?" நான் திருப்பிக் கேட்பேன், "உனக்கு மாதவிலக்கு நின்றாச்சா?" அது தெரியாமல் இந்த மாத்திரைகளை ஒப்பிடுவதே வீண். அதற்கும் முன்னால், பயாப்சி ரிப்போர்ட்டில் ஈஆர் அல்லது பிஆர் பாசிட்டிவ் என்று இருக்க வேண்டும், அதாவது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன்கள் வந்து ஒட்டுகிற இடம் புற்றுச் செல்லில் இருக்க வேண்டும். இரண்டும் நெகட்டிவ் என்றால் இதில் எதைத் தின்றாலும் பலன் இல்லை.

நான் ஆரம்பித்தது டமாக்சிஃபெனில், தினம் 20 மில்லிகிராம். அப்போது எனக்கு மாதவிலக்கு நிற்கவில்லை. செல்லில் ஈஸ்ட்ரோஜன் வந்து உட்காருகிற நாற்காலியில் இது முந்திப் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான் இதன் வேலை. 1960களில் இங்கிலாந்தில் கருத்தடை மாத்திரை தேடிக்கொண்டிருந்தபோது கிடைத்த மருந்து. அதற்கு உதவாமல் போய் இதற்கு உதவியது. பழைய மருந்து, மலிவான மருந்து என்பதாலேயே சிலர் இதை இளக்காரமாகப் பார்க்கிறார்கள். 5 வருடம் எடுத்தால் இந்த நோயால் வரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்கு 10 வருடம் வரை நீட்டிக்கிறார்கள்.

குறைகள் உண்டு. திடீரென்று கழுத்திலிருந்து முகம்வரை சூடு ஏறி ரவிக்கை நனைந்துவிடும், அதுவும் சித்திரை மாதத்தில் வந்தால் கேட்கவே வேண்டாம். காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பதும், வயது கூடியவர்களுக்குக் கர்ப்பப்பையில் புற்று வருவதும் அரிதுதான், ஆனால் உண்டு. அதனால் கெண்டைக்கால் ஒருபக்கம் மட்டும் வீங்கினாலோ, மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலோ, அடுத்த செக்கப் வரட்டும் என்று இருக்கக் கூடாது. மன அழுத்தத்துக்கு ஃபுளூவாக்செடின், பராக்செடின் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், அவை டமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கும். ஐந்தில் நான்கு தருவேன்.

அப்புறம் மாதவிலக்கு நின்றது, ரத்தம் எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் லெட்ரோசோல் 2.5 மில்லிகிராமுக்கு மாற்றினார்கள். கீமோவால் நின்ற மாதவிலக்கு திரும்பி வரலாம், அதனால் இந்தச் சோதனையைத் தட்டிக்கழிக்காதீர்கள். சினைப்பை ஓய்ந்த பிறகும் உடம்பின் கொழுப்பில் கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் உண்டாகிக்கொண்டே இருக்கும். லெட்ரோசோல் அந்த உற்பத்தியையே நிறுத்துகிறது. சினைப்பை வேலை செய்கிற பெண்ணுக்கு இதை மட்டும் கொடுத்தால் பலன் கிடையாது. மாதவிலக்கு நின்றவர்களுக்கு டமாக்சிஃபெனைவிட இது ஒரு படி மேல், நோய் திரும்புவதை இன்னும் குறைக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் மூட்டு! காலையில் எழுந்தால் விரல் மடங்காது. மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரிக்கக் கத்தியைப் பிடித்தால் பெருவிரல் அப்படியே பூட்டிக்கொண்டு, மற்ற கையால் இழுத்துத்தான் நிமிர்த்த வேண்டியிருந்தது. திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் போகிற பஸ்ஸில் படி ஏற முட்டி ஒத்துழைக்காமல், பின்னால் நிற்பவர் "சேச்சி, பதுக்கே" (அக்கா, மெதுவாக) என்பார். டாக்டர் சொன்ன வைத்தியம் நடை. வலிக்கிற காலை வைத்துக்கொண்டு நடக்கவா என்று கோபம்தான் வந்தது, ஆனால் தினமும் நடந்தபிறகுதான் விரல் வசத்துக்கு வந்தது. எலும்பும் மெலியும், அதனால் தொடக்கத்திலேயே எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிடுங்கள். கால்சியம், வைட்டமின் டி கூடவே. மருந்தாக நாலரை, கூட வாழ்வதற்கு மூன்று.

வாங்கும்போது ஒரு கூத்து. லெட்ரோசோல் குழந்தைப்பேறு சிகிச்சைக்கும் கொடுக்கிற மருந்து. ஒரு மெடிக்கல் கடையில் நரைத்த தலையோடு நான் சீட்டை நீட்ட, கவுன்ட்டரில் இருந்த பையன் கடை முழுக்கக் கேட்கும்படி "குழந்தைக்கா அம்மா?" என்றான். அந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரமும் கிடையாது.

அனஸ்ட்ரோசோல் 1 மில்லிகிராம், எக்ஸிமெஸ்டேன் 25 மில்லிகிராம் இரண்டும் லெட்ரோசோலின் குடும்பம்தான். நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டு. எக்ஸிமெஸ்டேன் மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு. வலி தாங்காமல் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்துகிறார்களே, அதற்கு முன்னால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம்.

என் சித்தி மகளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால் அவளுக்குச் சினைப்பையை ஓய வைக்கிற கோசெரலின் ஊசி, 28 நாளுக்கு ஒருமுறை அடிவயிற்றுத் தோலுக்கு அடியில், கூட எக்ஸிமெஸ்டேன். ஊசி தடிமன், செலவும் தடிமன். சினைப்பையை ஆபரேஷனில் எடுத்துவிட்டால் ஒரு தடவைச் செலவோடு முடிந்தது, ஆனால் திரும்பி வர வழி கிடையாது. அவளுக்கு இன்னொரு குழந்தை ஆசை இருக்கிறது, அதனால் ஊசிதான்.

எல்லைப்பக்கம் இருப்பவர்களுக்குத் திருவனந்தபுரம் ஆர்சிசி (மண்டலப் புற்றுநோய் மையம்) பழகின இடம், 1981இலிருந்து இருக்கிறது. கடை விஷயத்தில், 2024இல் கேரள அரசு காருண்யா மருந்தகங்களில் லாபம் வைக்காமல் புற்றுநோய் மருந்து விற்கும் கவுன்ட்டர்களைத் திறந்தது. மார்த்தாண்டத்தில் வாங்குகிற விலையையும் அங்குள்ள விலையையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள், சீட்டில் பிராண்டுப் பெயர் இருந்தால் மருந்தின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.